இரண்டு வருடம் வாழ்ந்த வேகம்

தோற்றம்: 29.11.1974, பிரிஸ்பேன்.
மறைவு: 24.12.1976, அடிலெய்ட்.

நம் ஊர்த் தெருமுனையில் கண்ணீர் அஞ்சலி சுவரொட்டி ஒட்டுவார்களே, அந்த முறைப்படி எழுதினால் இப்படித்தான் எழுத வேண்டும். மறைந்தது ஆள் இல்லை. ஆள் பிழைத்து எழுந்து, அதற்குப் பிறகும் ஏறக்குறைய ஒன்பது வருடம் டெஸ்ட் ஆடினார். மறைந்தது அவருடைய வேகம். ஆஸ்திரேலியாவின் ஜெஃப் தாம்சன் என்ற பவுலரின் வலது தோளில் குடியிருந்து, இரண்டு வருடமும் சில நாட்களும் மட்டுமே உலகத்துக்குக் காட்சி தந்துவிட்டுப் போன வேகம். அதற்கு முறையாக யாரும் அழவில்லை என்பது என் நெடுநாள் வருத்தம்.

அன்று கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள். பாகிஸ்தானுக்கு எதிரான முதல் டெஸ்டின் முதல் நாள். அந்தக் காலத்தில் ஆஸ்திரேலியாவில் ஓவருக்கு எட்டுப் பந்து. தாம்சன் எட்டு ஓவர் முடித்து ஒன்பதாவது போட்டுக்கொண்டிருந்தார். இரண்டு விக்கெட் எடுத்தாகிவிட்டது. ஜாகீர் அப்பாஸ் அடித்த ஒரு பந்து மட்டையில் சரியாகப் படாமல் மேலே எழும்பியது. போட்ட கையோடு தாம்சன் அதை நோக்கி ஓடினார். லெக் பக்கத்திலிருந்து ஆலன் டர்னரும் ஓடி வந்தார். இருவர் கண்ணும் வானத்தில். மோதி விழுந்தார்கள். தாம்சனின் வலது தோள் விலகிவிட்டது.

ஓடி வந்து பந்து போடும்போது அந்தத் தோள் எவ்வளவு பெரிய சுமையைத் தாங்கியது! அப்போதெல்லாம் அதற்கு ஒன்றும் ஆகவில்லை. ஒரு சாதாரண கேட்ச், அதுவும் மெதுவாக மிதந்த பந்து, அதைக் கொண்டுபோய்விட்டது.

அந்த வேகம் பிறந்த கதையையும் சொல்லவேண்டும். தாம்சன் முதலில் டெஸ்ட் ஆடியது 1972 கடைசியில், மெல்போர்னில், இதே பாகிஸ்தானுக்கு எதிராக. காலில் எலும்பு முறிந்திருந்தது. முதல் வாய்ப்பு போய்விடுமே என்று யாரிடமும் சொல்லாமல் ஆடினார். இரண்டு இன்னிங்ஸிலும் சேர்த்து 110 ரன், ஒரு விக்கெட்கூட இல்லை. அத்தோடு அணியிலிருந்து விலக்கப்பட்டார். சிட்னிப் பையன் குயின்ஸ்லாந்துக்கு இடம் மாறினார். 1974 நவம்பரில் இங்கிலாந்து அணி பிரிஸ்பேனில் இறங்கியபோது அவருடைய டெஸ்ட் கணக்கு அந்த 110-க்கு பூஜ்யம் மட்டுமே. அந்த டெஸ்டில் அவர் ஒன்பது விக்கெட் எடுத்தார். முதல் இன்னிங்ஸில் நின்று 110 அடித்த டோனி கிரெக்கை இரண்டாவது இன்னிங்ஸில் ஒரு யார்க்கர் காலடியில் புகுந்து சாய்த்தது. கிரெக் ஆறரை அடி உயரம். அவ்வளவு உயரத்தில் இருந்து மட்டை கீழே வந்து சேர்வதற்குள் பந்து வேலையை முடித்துவிட்டது.

பழைய படச்சுருள்களில் அந்த ஓட்டத்தை எத்தனை தடவை பார்த்திருப்பேன் என்று எனக்கே கணக்கில்லை. ஓட்டம் என்றுகூடச் சொல்லமுடியாது. மறுமுனையில் பந்து போட்ட லில்லி வருவதுபோல் மைதானம் அதிர வருவதில்லை. பஸ் வந்துவிட்டது, ஆனால் கிளம்பாது என்று தெரிந்தவன் நடப்பதற்கும் ஓடுவதற்கும் நடுவில் வருவானே, அப்படி ஒரு நிதானம். கிரீஸுக்கு அருகில் வந்ததும் கால்கள் ஒன்றுக்குப் பின் ஒன்றாகக் குறுக்கே விழும். உடம்பு முழுக்கப் பக்கவாட்டில் திரும்பிவிடும். பந்து இருக்கும் வலது கை கீழே இறங்கி வலது தொடைக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும். இடது கால் மேலே தூக்கும், இடது கை வானத்தைக் காட்டும், முதுகு வில்லாக வளையும். அந்தக் கணம் பேட்ஸ்மேனுக்குப் பந்து தெரியாது. தெரியும்போது அது கையை விட்டுப் போயிருக்கும்.

ஆங்கிலக்காரர்கள் இதை ஈட்டி எறிதலோடு ஒப்பிடுவார்கள். எனக்குத் தோன்றுவது கவண். கதிர் முற்றிய கொல்லையில் பரண்மேல் நின்று கிளி விரட்டுகிறவர்கள் கையில் சுழலுமே, அது. கவணில் கல்லுக்கு வேகம் கொடுப்பது கை மட்டும் இல்லை. கை முன்னே போய்விடும், கயிறு பின்தங்கும், பின்தங்கிய கயிறு கடைசியில் சொடுக்கும். தாம்சனின் உடம்பில் தோள்தான் அந்தக் கயிறு. இடது கால் தரையில் ஊன்றும், இடுப்பு திரும்பும், நெஞ்சு முன்னே வரும். அதுவரை வலது கை இன்னும் பின்னாலேயே கிடக்கும். எல்லாம் முடிந்த பிறகு தோள் அதைச் சொடுக்கும்.

அந்தத் தோளைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். நம் உடம்பில் மிக அதிகமாகச் சுழலக்கூடிய மூட்டு அதுதான். இடுப்பு மூட்டில் எலும்பின் உருண்டை ஆழமான கிண்ணத்துக்குள் உட்கார்ந்திருக்கும். தோளில் அப்படி ஆழம் கிடையாது. தட்டையான சிறு தட்டில் பெரிய எலுமிச்சம்பழத்தை வைத்ததுபோல. பழம் உருண்டு விழாமல் பிடித்திருப்பது சுற்றியுள்ள நான்கு சின்னத் தசைகளும், தட்டின் விளிம்பில் இருக்கும் குருத்தெலும்பு வளையமும், உறைபோல் மூடியிருக்கும் தசைநார்களும்தான். இந்த இளக்கம்தான் கை பின்னால் அவ்வளவு தூரம் போக இடம் கொடுக்கிறது. வேகத்துக்கு வரமும் அதுதான், தோளுக்கு ஆபத்தும் அதுதான். ஒருமுறை விலகிய தோளைத் திரும்பப் பொருத்தலாம், காயம் ஆறும், எடை தூக்கலாம். ஆனால் கிழிந்து ஒட்டிய நார் முன்போல் விட்டுக்கொடுக்காது. விட்டுக்கொடுத்தாலும் உடம்பு விடாது. மறுபடி விலகிவிடுமோ என்று சுற்றியுள்ள தசைகளே காவல் நின்று கையைக் கொஞ்சம் முன்னதாகவே பிடித்து நிறுத்திவிடும். பின்னால் போகும் கையில் ஒரு விரற்கடை குறைந்தால் போதும். கவண் கயிறு அந்த அளவுக்குக் குட்டையாகிவிடுகிறது.

இதை நான் புத்தகத்தில் படித்து மட்டும் சொல்லவில்லை. கல்லூரி நாட்களில் நானும் வேகப்பந்து போட்டவன். ஒரு ஞாயிற்றுக்கிழமை செம்மண் மைதானத்தில் எல்லைக்கோட்டருகே பந்தைத் தடுக்கப் பாய்ந்து வலது தோளின் மேலேயே விழுந்தேன். ஆறு வாரம் கையைக் கழுத்தோடு கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். வலி போனது. கொடியில் துண்டு எடுக்கக் கை உயர்ந்தது. திரும்பி வந்து முதல் ஓவர் போட்டேன். அதே ஓட்டம், அதே மூச்சு, கையை விட்டுப் போகும்போது அதே சத்தம். எனக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. மூன்றாவது பந்துக்கு ஓடப்போகும்போது நிமிர்ந்து பார்த்தேன். கீப்பர் இரண்டு தப்படி முன்னால் வந்து நின்றிருந்தான். அவன் ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. இன்றுவரை நாங்கள் அதைப் பேசியதில்லை. எந்தப் பவுலரின் வேகம் போனாலும் முதலில் தெரிவது கீப்பருக்குத்தான். என் வேகம் ஊர் மைதானத்து வேகம், அதை இழந்ததற்கே அந்த ஓவர் இன்னும் நினைவில் அறுக்கிறது. தாம்சன் இழந்தது என்ன என்று நினைத்துப் பாருங்கள்.

அந்த வேகத்தின் மகிமை தெரியவேண்டுமானால் எதிரே நின்றவர்களைக் கேட்கவேண்டும். 1974-இல் பிரிஸ்பேனில் இங்கிலாந்துக்காரர்கள் கையும் விரலும் உடைந்து நின்றபோது, ஊரிலிருந்து அவசரமாக ஆள் அனுப்பச் சொன்னார்கள். வந்தவர் காலின் கவுட்ரி. நம் ஊட்டியில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர். 42 வயதுக்கு இன்னும் சில நாட்கள்தான் இருந்தன. இங்கிலாந்தின் குளிரிலிருந்து விமானம் ஏறி வந்து, சரியான பயிற்சிகூட இல்லாமல், பெர்த்தின் துள்ளும் ஆடுகளத்தில் ஹெல்மெட் இல்லாமல் தாம்சன் எதிரில் நின்றார். 22, 41 என்று இரண்டு இன்னிங்ஸிலும் நின்று ஆடினார். அந்த வேகத்தைப் பற்றிப் பேசும்போதெல்லாம் அதன் எதிரே நின்ற அந்த நடுவயது மனிதரின் முதுகெலும்பையும் நான் சேர்த்தே வணங்குவது வழக்கம். அதே டெஸ்டில்தான் டேவிட் லாயிடுக்கு இடுப்புக்குக் கீழே அடி விழுந்தது. போட்டிருந்த காப்பே உடைந்து போனது.

இலங்கையின் கதை இன்னும் பக்கத்தில் வலிப்பது. 1975 ஜூன் 11, லண்டன் ஓவல், முதல் உலகக் கோப்பை. இலங்கைக்கு அப்போது டெஸ்ட் அந்தஸ்துகூட இல்லை. ஆஸ்திரேலியா 328 எடுத்தது. அதில் 101 ஆலன் டர்னருடையது. ஆம், பின்னால் அடிலெய்டில் மோதிய அதே டர்னர். இலங்கை பயப்படாமல் விரட்டியது. அப்போது தாம்சன் வந்தார். துலீப் மெண்டிஸின் தலையில் ஒரு பந்து. சுனில் வெத்தமுனியின் காலில் பந்துக்கு மேல் பந்து. இருவரையும் மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். இலங்கை கடைசியில் 4 விக்கெட்டுக்கு 276. ஆடுகளத்தை விட்டு ஓடவில்லை, தூக்கிக்கொண்டு போனார்கள் என்று அந்தத் தீவின் பழைய ரசிகர்கள் இன்றும் சொன்னால் அதில் ஒரு சொல்லும் மிகையில்லை. தலையில் அடிபட்ட அந்த மெண்டிஸ்தான் 1982-இல் நம் சேப்பாக்கத்தில் இரண்டு இன்னிங்ஸிலும் 105, 105 என்று அடித்தார்.

இத்தனை பேருக்கு அடி விழுந்த கதையை எழுதிவிட்டு அந்த வேகத்துக்கு அஞ்சலி எழுதலாமா என்று ஒரு கேள்வி எனக்குள்ளும் உண்டு. அந்தப் பந்துகளில் கொடுமை இருந்தது. ஹெல்மெட் இல்லாத காலத்தில் அது உயிருக்கே ஆபத்தான கொடுமை. இருந்தும் நான் அதை வேண்டாம் என்று சொல்லமாட்டேன். மனித உடம்பு ஐந்தரை அவுன்ஸ் தோல் பந்தை எவ்வளவு விரைவாக அனுப்பமுடியும் என்பதற்கு அந்தத் தோள் ஓர் எல்லைக்கல். எல்லைக்கல் அகற்றப்பட்டால் அதைத் தாண்டி நின்றவன்கூட வருந்தத்தான் செய்வான்.

எவ்வளவு வேகம்? இங்கேதான் மனம் பொறுக்கவில்லை. இன்று பள்ளிப் பையன் போட்டாலும் திரையில் எண் வந்துவிடுகிறது. அன்று வரவில்லை. 1975 டிசம்பரில் பெர்த்தில் மேற்கிந்தியத் தீவுகளுக்கு எதிரான டெஸ்டின்போது அதிவேகக் கேமராக்களை வைத்து ஆய்வாளர்கள் அளந்தார்கள். தாம்சனுக்கு மணிக்கு 160 கிலோமீட்டருக்குச் சற்று மேல் வந்தது. அது ஒரு மைதானத்தில், ஒரு டெஸ்டில், அளந்த பந்துகளுக்கு மட்டும். அளக்காத பந்துகளில் இன்னும் வேகமானவை இருந்ததா? பின்னால் நின்று பந்தை வாங்கிய கீப்பர் ராட் மார்ஷ் 180-க்கு மேல் இருக்கும் என்றார். அவ்வளவு இருக்கும் என்று நான் நம்பவில்லை, ஆனால் அந்தக் கையுறைக்குள் எரிந்த உள்ளங்கை மார்ஷுடையது, என்னுடையது இல்லை. 2003-இல் கேப்டவுனில் ஷோயப் அக்தர் 161.3 போட்டபோது உலகமே வியந்தது. அதற்கு 27 வருடம் முன்பே, அநேகமாக அதே எண் ஒன்று, ஓர் ஆய்வாளரின் தாளில் கிடந்தது.

1979-இல், கெர்ரி பேக்கர் தனியாக நடத்திய உலகத் தொடர் கிரிக்கெட் காலத்தில், வேகப்பந்துப் போட்டி ஒன்று வைத்தார்கள். ஹோல்டிங், இம்ரான், ராபர்ட்ஸ், லில்லி எல்லோரும் போட்டார்கள். வென்றது தாம்சன்தான், 147.9. இரண்டு அளவையும் பக்கத்தில் வைத்துக் கணக்குப் போடக்கூடாது, அளந்த சூழ்நிலை வேறு. ஆனால் ஒன்று சொல்லலாம். தோள் விலகி, நடுவில் ஒரு பருவம் வழக்கு, தடை என்று வெளியே உட்கார்ந்திருந்து வந்த பிறகும் உலகத்தில் மிக வேகமானவர் அவர்தான். இடிந்த வீட்டின் சுவரே ஊரில் உயரம் என்றால், வீடு நின்றபோது எப்படி இருந்திருக்கும்!

அடிலெய்ட் அந்தத் தோளுக்கு ஆகாத ஊர் என்று தோன்றும். 1975 ஜனவரியில், அதே இங்கிலாந்துத் தொடரில், ஐந்தாவது டெஸ்டும் அடிலெய்டில்தான். ஓய்வு நாளில் டென்னிஸ் ஆடினார் தாம்சன். வலது தோளில் தசை கிழிந்தது. அதற்குள் தொடரில் 33 விக்கெட். இங்கிலாந்துக்கு எதிரான தொடரில் ஆர்தர் மெய்லியின் 36 என்ற ஆஸ்திரேலியச் சாதனைக்கு மூன்றுதான் பாக்கி, ஒரு டெஸ்ட் முழுதாக மிச்சம். ஆறாவது டெஸ்டில் அவர் ஆடவில்லை. லில்லியும் சில ஓவரிலேயே காயத்தோடு போய்விட்டார். அதுவரை நடுங்கிக்கொண்டிருந்த அதே இங்கிலாந்து 529 எடுத்தது, கேப்டன் டென்னஸ் 188, இன்னிங்ஸ் வெற்றி. அந்தத் தோள் இருந்த ஊரில் நடந்ததும் இல்லாத ஊரில் நடந்ததும் இரண்டு வேறு விளையாட்டு.

அந்தக் கிழிசல் ஆறியது, வேகம் திரும்பியது. 1976-இல் விலகியது திரும்பவில்லை. இதைச் சொன்னால் சிலர் 1978-ஐக் காட்டுவார்கள். பார்படாஸில் பிரிட்ஜ்டவுன் டெஸ்ட், தாம்சன் 77 ரன்னுக்கு ஆறு விக்கெட். கிரீனிட்ஜ், ரிச்சர்ட்ஸ் எல்லோரையும் தடுமாற வைத்த பந்துவீச்சு. உண்மைதான். போன உயிர் ஒரு மாலை வந்து வாசலில் நின்றுவிட்டுப் போனது என்றுதான் அதை நான் எடுத்துக்கொள்கிறேன். நாளுக்கு நாள், ஓவருக்கு ஓவர் வந்துகொண்டிருந்த அந்தப் பழைய பந்து பிறகு வரவில்லை. கணக்கும் அதையே சொல்கிறது. விழுந்த டெஸ்டையும் சேர்த்து முதல் 17 டெஸ்டில் 80 விக்கெட். அதற்குப் பிறகு 34 டெஸ்டில் 120.

லில்லிக்கும் 1973-இல் முதுகெலும்பு முறிந்தது. அவர் திரும்பி வந்து இன்னும் பெரிய பவுலர் ஆனார். ஏன்? அவர் பந்துவீச்சைப் பிரித்து மறுபடி கட்டமுடிந்தது. ஓட்டத்தைக் குறைக்கலாம், கட்டர் கற்றுக்கொள்ளலாம், வேகம் போனால் புத்தியைக் கூட்டலாம். தாம்சனின் பந்துவீச்சைப் பிரிக்கமுடியாது. அது ஒரே துண்டு. அதில் ஒரு கண்ணியைத் தொட்டால் மொத்தமும் வேறாகிவிடும். அதனால்தான் 1982-இல் மெல்போர்னில், கடைசி விக்கெட்டுக்கு ஆலன் பார்டரோடு 70 ரன் சேர்த்து, நான்கு ரன் தேவைப்பட்டபோது ஸ்லிப்பில் கேட்ச் கொடுத்து வெளியேறினாரே, அந்த மட்டையைப் பலர் நினைவில் வைத்திருக்கிறார்கள். 1974-இன் தோளை நினைப்பவர்கள் குறைந்துவிட்டார்கள்.

தோள் இன்றும் வேகப்பந்தை விடவில்லை. 2016 நவம்பரில் பெர்த்தில் தென்னாப்பிரிக்காவின் டேல் ஸ்டெய்ன் 97-இல் இருந்த வார்னரை வீழ்த்திய சற்று நேரத்தில் வலது தோளைப் பிடித்துக்கொண்டு வெளியேறினார். எலும்பு முறிவு. அப்போது அவர் கணக்கு 417. தென்னாப்பிரிக்கச் சாதனையான பொல்லாக்கின் 421-ஐத் தாண்ட வேண்டிய அந்த ஐந்து விக்கெட்டுக்கு இரண்டு வருடத்துக்கு மேல் ஆனது. 2019-இல் ஷார்ஜாவில் எல்லைக்கோட்டில் பாய்ந்து தோள் விலகிய ஜே ரிச்சர்ட்சனுக்கு உலகக் கோப்பையே கைநழுவியது. கீ ஹோல் அறுவைச் சிகிச்சை, எம்ஆர்ஐ, தனிப் பயிற்சியாளர், ஓவர் எண்ணிக்கைக் கட்டுப்பாடு எல்லாம் இருக்கும் காலத்திலேயே இப்படி. தாம்சனுக்கு அவற்றில் ஒன்றும் இல்லை.

இதைப் படிக்கும் பயிற்சியாளர்களிடமும் ஞாயிற்றுக்கிழமை மைதானத்துத் தம்பிகளிடமும் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். பந்து மேலே எழும்பினால் யார் பிடிப்பது என்று ஒருவன் உரக்கப் பெயர் சொல்லிக் கூப்பிடட்டும். அதிலும் பந்து போட்டவன் பெயரைச் சொல்லாதீர்கள். அவனை நிற்கச் சொல்லுங்கள்.

அடிலெய்டில் அந்த கேட்ச் யார் கையிலும் நிற்கவில்லை. ஜாகீர் அப்பாஸ் 85 ரன் எடுத்தார். இரண்டாவது இன்னிங்ஸில் 101. ஆஸ்திரேலியா ஒரு பவுலர் குறைவாகவே மீதி ஆட்டத்தை ஆடியது. டெஸ்ட் டிராவில் முடிந்தது.